தட்டினால் ஓடுகிறது, தானாகக் கிளம்ப மறுக்கிறது: சிபியு ஃபேன் அனுபவங்கள்

காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் சில நாள் சிபியு ஃபேன் (பிராசஸரைக் குளிர்விக்கும் விசிறி) உடனே சுற்றும். சில நாள் இறக்கை கொஞ்சம் துடித்துவிட்டு அப்படியே நின்றுவிடும், திரையில் ஃபேன் எரர் வரும். ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் சரியாகிவிடும். அதனாலேயே இரண்டு மாதம் கண்டுகொள்ளாமல் விட்டேன். அது என் தவறு. ஃபேன் நின்றுபோய், சிபியு சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. நானோ விண்டோஸில் கோளாறு என்று நினைத்து அதைத் திரும்ப ஏற்றினேன்.

ஒருநாள் கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். ஃபேன் துடித்து நின்றது. பென்சில் முனையால் நடுக்குமிழை மெல்லத் தள்ளினேன். கிளம்பியது, சாயங்காலம் வரை நிற்கவே இல்லை. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. ஓடுவதில் குறையில்லை, கிளம்புவதில்தான் குறை. சுற்றிக்கொண்டிருக்கும் 12 வோல்ட் ஃபேன் 4, 5 வோல்ட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும். நின்ற இடத்திலிருந்து கிளம்ப அதைவிட அதிகம் வேண்டும். என்னுடையது மூன்று பின் (இணைப்பு ஊசி) உள்ள ஃபேன். மதர்போர்டு அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்கும். பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) சத்தம் வேண்டாம் என்று குறைந்தபட்ச வேகத்தை 40 சதவீதத்தில் வைத்திருந்தேன், அதாவது 5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. அதை 60 ஆக்கினேன். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது.

அப்புறம் மறுபடியும் அதே கதை. இந்த முறை மின்சாரத்தை முழுதாகத் துண்டித்து, ஃபேனைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றிவிட்டேன். நல்ல ஃபேன் என்றால் சில சுற்றுகள் ஓடி மெதுவாக அடங்க வேண்டும். இது அரைச் சுற்றில் பிரேக் போட்டதுபோல் நின்றது. பின்பக்க ஸ்டிக்கரை உரித்தால் உள்ளே எண்ணெய் காய்ந்து கறுப்புப் பிசினாக ஒட்டியிருந்தது. காலையில் மட்டும் அடம்பிடித்ததற்குக் காரணம் இதுதான். குளிரில் அந்தப் பிசின் இறுகும், சூடானால் இளகும். பஞ்சுக் குச்சியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். துரு இளக்கும் ஸ்ப்ரேயை மட்டும் யாரும் அடிக்காதீர்கள். அது மிச்சமிருக்கும் எண்ணெயையும் கழுவிவிட்டு ஆவியாகிவிடும்.

*

அண்ணா, என் விஷயத்தில் ஃபேன் மேல் குற்றமே இல்லை. புது ஃபேன் வாங்கி மாட்டினேன், அதுவும் அப்படியே மக்கர் செய்தது. இரண்டுமே நான்கு பின் ஃபேன். அந்த வகைக்கு 12 வோல்ட் எப்போதும் முழுசாகப் போக வேண்டும். வேகத்தைச் சொல்வது நான்காவது கம்பியில் வரும் 25 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் சிக்னல், அதாவது விட்டுவிட்டு வரும் மின் துடிப்பு. என் பயாஸில் அந்த ஹெடர் (மதர்போர்டில் ஃபேனை மாட்டும் இணைப்பு) 'ஆட்டோ'வில் இருந்தது. அது சில முறை ஃபேனைத் தவறாகப் புரிந்துகொண்டு டிசி முறைக்குப் போய், வோல்ட்டேஜையே குறைத்துவிட்டது. கையால் பிடபிள்யூஎம் என்று மாற்றி வைத்தேன், அன்றோடு தீர்ந்தது.

புது ஃபேன் வாங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நான்காவது கம்பியை மட்டும் விலக்கிவிட்டு, 12 வோல்ட் முழுசாக வரும் இணைப்பில் மாட்டினால் நல்ல ஃபேன் முழு வேகத்தில் ஓடும். அப்படியும் தடுமாறினால் ஃபேன்தான் கெட்டிருக்கிறது. ஓடினால் மதர்போர்டு பக்கமோ அமைப்பிலோ தேடுங்கள்.

*

கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் நிற்கிறதே என்று பயப்படுகிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். இப்போது வரும் பல கார்டுகளில் சுமார் 50, 60 டிகிரி வரும்வரை ஃபேன் வேண்டுமென்றேதான் நிற்கும். அது தெரியாமல் நான் கார்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டு வாரண்டிக்கு அனுப்பத் தயாராகிவிட்டேன். கேம் ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது மூன்று ஃபேனும் சுற்றின. சூட்டைப் பார்க்காமல் ஃபேனை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

*

எனக்கு ஒரு மெல்லிய ஒயர்தான் பிரச்சினை. டை போட்டுக் கட்டாத ஒயர் ஒன்று இறக்கையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஃபேன் வேகமாக ஓடும்போது அதைத் தட்டிவிட்டுப் போய்விடும், கிளம்பும்போது அங்கே சிக்கும். முதலில் டார்ச் அடித்து இதைப் பார்த்திருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

*

முதலில் எழுதியவன்தான். எண்ணெய் விட்டது இன்னும் ஓடுகிறதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான்கு மாதம் தாங்கியது. அப்புறம் கிர்ரென்று சத்தம் வர ஆரம்பித்தது, பேரிங் ஏற்கெனவே தேய்ந்திருக்க வேண்டும். பால் பேரிங் உள்ள நான்கு பின் ஃபேன் மாட்டிவிட்டேன். மாட்டிய அன்றே பயாஸில் பிடபிள்யூஎம் முறையில் 20 சதவீதத்தில் வைத்து, இரவு முழுக்க ஆஃபில் விட்டுக் காலையில் ஆன் செய்து பார்த்தேன். ஒரு வாரம் தினமும் அப்படிச் செய்தேன். ஏழு காலையும் முதல் முறையிலேயே கிளம்பியது. இருந்தாலும் 30இல் வைத்திருக்கிறேன்.