"இது எவ்வளவுக்குப் போகும்?"

திருச்சி, ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்:

பழைய நாணயம் சேர்க்கிறவன் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் போதும். கல்யாணப் பந்தியில்கூட யாராவது சட்டைப்பையைத் துழாவிக்கொண்டு பக்கத்து இலையில் வந்து உட்காருவார்கள். கேள்வி ஒன்றுதான்: "சார், இது எவ்வளவுக்குப் போகும்?" என்னைப் போலக் காசு சேர்க்கிற நண்பர்களே, அந்தக் கேள்வியோடு உங்களிடம் வந்தவர்களைப் பற்றி எழுதுங்களேன். என்னிடம் வந்தவரிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவர் மஞ்சள் துணியில் முடிந்து ஒரு பத்து ரூபாய்க் காசைக் கொண்டுவந்தார். வைஷ்ணோ தேவி படம் போட்டது. கோயில் வாரியத்தின் வெள்ளிவிழாவுக்காக 2012-ல் அஞ்சு ரூபாயிலும் பத்து ரூபாயிலும் அடித்துப் புழக்கத்தில் விட்ட காசு அது. அதற்குப் பத்து லட்சம் தருவதாக ஏதோ வீடியோவில் பார்த்து அந்த நம்பரைக் கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பக்கம் பேசியவன் ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, முதலில் பதிவுக் கட்டணம், பிறகு ஜிஎஸ்டி என்று கேட்டிருக்கிறான். முதல் கட்டணத்தைத் தம்பி கட்டியும் விட்டார்.

என் டப்பாவைத் திறந்து அதே காசு கைநிறையக் காட்டினேன். அவர் முகம் இன்னும் இறுகியது. நான் அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார்! இந்தத் தொல்லைதான் எனக்குப் பிடிபடாத ஒன்று. லட்சம் என்கிறவனை நம்புகிறார்கள், பத்து ரூபாய் என்கிறவன்மேல் சந்தேகம் வருகிறது. இது மாதிரி பேரத்தில் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ வாங்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. அதை எடுத்துக் காட்டினேன். அதற்கும் அசையவில்லை.

கடைசியில், "பத்து லட்சம் தரப்போகிறவர்தானே, ஜிஎஸ்டியை அதிலேயே கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தரச் சொல்லுங்க" என்றேன். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். எதிர்முனையில் ஒரு கெட்ட வார்த்தை, அப்புறம் லைன் இல்லை. டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டோடு வருகிறவர்களுக்கும் இப்போது இதே மருந்தைத்தான் தருகிறேன்.

கோவை, லேத் பட்டறை:

உங்ககிட்ட வந்தவரு பாவம்ங்க. என்கிட்ட வந்தவங்க கார்ல வந்தாங்க.

ரெண்டு பேரு. காசை வெல்வெட் டப்பாவுல வெச்சிருந்தாங்க. ஈஸ்ட் இந்தியா கம்பெனின்னு எழுத்து, 1818-ன்னு வருசம், ஒரு அணா, பின்னாடி ராமர் பட்டாபிசேகம். "அண்ணா, இது அரிசியை இழுக்கும்"னாங்க. நம்ம பக்கம் ரைஸ் புல்லிங்னு சொல்றாங்களே, அதேதான். இரிடியம்ங்கிற அபூர்வ உலோகம் கலந்த காசாம், வெளிநாட்டுல விண்வெளி ஆராய்ச்சிக்குக் கோடிக்கணக்குல வாங்குறாங்களாம். என்கிட்ட கேட்டது விலை இல்லைங்க, சர்ட்டிஃபிகேட். "நீங்க பழைய காசு பார்க்குறவர், ஒரிஜினல்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதும்."

வருசத்தைப் பார்த்ததுமே விசயம் தெரிஞ்சு போச்சு. கம்பெனிக்காரன் நாடு முழுக்க ஒரே மாதிரி காசு அடிக்க ஆரம்பிச்சதே 1835-ல. அப்பவும் செம்புல அரையணா, காலணா, அதுக்குக் கீழதான். ஒரு அணாங்கிற காசு நிக்கல் கலவையில வந்தது 1900-க்கு அப்புறம், ஏழாம் எட்வர்டு காலத்துல. சாமி படம் போட்டுக் கம்பெனி காசே அடிக்கலைன்னும் சொல்லிட முடியாதுங்க. மெட்ராஸ்ல அவங்க அடிச்ச தங்க வராகன்ல பெருமாள் ரெண்டு நாச்சியாரோட நிப்பாரு. அது பொடிக்காசு, இங்கிலீஷ் எழுத்தே இருக்காது. இந்த மாதிரி பெருசா, பளபளன்னு வர்றதெல்லாம் கோயில் வாசல் கடைக்குன்னு பின்னாடி அடிச்ச வில்லைங்க.

பட்டறையில காந்தத்துக்கா பஞ்சம்? எடுத்துக் கிட்ட கொண்டு போனேன், டக்குனு ஒட்டுச்சு. "பார்த்தீங்களா, சக்தி இருக்கு"ன்னான் ஒருத்தன். தம்பி, செம்பு காந்தத்துல ஒட்டாது, இரிடியமும் ஒட்டாது, ஒட்டுறது இரும்புன்னேன். அரிசியில இரும்புத்தூளைத் தடவி வெச்சா அதுவும்தான் ஓடி வந்து ஒட்டும்.

காசு வாங்குறவங்களுக்கு முன்னாடி விஞ்ஞானின்னு ஒருத்தரை விண்வெளி டிரெஸ் மாட்டி நிறுத்துறது, சோதனைக்குன்னு முன்பணம் கறக்குறது எல்லாம் பேப்பர்ல வந்தாச்சு. நிலத்தை அடமானம் வெச்சுப் போட்டவங்க இருக்காங்க. அந்த ரெண்டு பேரும் ஏமாத்த வந்தவங்களா, ஏற்கனவே ஏமாந்து போட்ட பணத்தை எடுக்க வந்தவங்களான்னு எனக்கு இன்னும் தெரியலைங்க. ரெண்டாவதாத்தான் இருக்கும்னு தோணுது. ஒருத்தன் கை நடுங்குச்சு.

சேலம், பேருந்து நடத்துனர்:

எல்லாரும் காசைத் தேடிப் போறாங்க, என்கிட்ட காசே ஏறி வந்து டிக்கெட் கேக்குது. ஷிஃப்ட் முடிஞ்சு பையைக் கொட்டினா அதுதான் என் கண்காட்சி. என் கைக்காசைப் போட்டு மாத்திக்குவேன், கணக்குல ஒரு பைசா குறையாது.

எந்த நாணய ஆலையில அடிச்சதுன்னு தெரியணும்னா காசுல வருசத்துக்குக் கீழ பார்க்கணும். வைரம் மாதிரி கட்டம் இருந்தா மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒண்ணுமே இல்லேன்னா கொல்கத்தா. நம்ம ஊரு ஆலைங்க அடிச்சு மாளாத காலத்துல வெளிநாட்டுலயும் அடிச்சு வாங்கியிருக்காங்க. 1985 ஒரு ரூபாயில ஹெச் எழுத்து இருந்தா பர்மிங்காம் ஹீட்டன் ஆலை. 2000 வாக்குல வந்த அஞ்சு ரூபாயில ரஷ்ய எழுத்து மூணு இருந்தா மாஸ்கோ. அதை ஒரு பூக்காரம்மாதான் எனக்குக் குடுத்தாங்க, ஆத்தூர் வண்டியில.

எவ்வளவுக்குப் போகும்னு என்கிட்ட யாரும் கேட்டதில்ல. "இது போகுமா"ன்னுதான் கேப்பாங்க! பத்து ரூபாய் காசு பிரச்சினை தெரியும்ல. பத்து கோடு இருந்தாச் செல்லும், பதினஞ்சு கோடு செல்லாது, ரூபாய்க் குறி இல்லாதது டூப்ளிகேட்டுன்னு ஊருக்கு ஒரு சட்டம். 2011-க்கு முன்னாடி அடிச்சதுல ரூபாய்க் குறி எப்படி இருக்கும், குறியே 2010-லதான வந்துச்சு? அதுவரைக்கும் வந்த 14 டிசைனும் செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில சொல்லியாச்சு. டீக்கடையில வாங்க மாட்டான், அதனால பயணி வாங்க மாட்டார், அதனால நானும் வாங்கக் கூடாதாம்.

ஒரு பெரியவர் வாழப்பாடியில ஏறினார். டிக்கெட்டுக்கு முழுசும் பத்து ரூபாய் காசு. நான் திட்டுவேன்னு பயந்து துண்டுக்குள்ள மறைச்சு எண்ணிக்கிட்டிருந்தார். "இன்னும் இருந்தா குடுங்க, நோட்டா மாத்தித் தரேன்"ன்னேன். மடியில இருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். உள்ள எம்.எஸ். சுப்புலட்சுமி நூற்றாண்டுக் காசு ஒண்ணு, துளிகூடத் தேயாம. காசு சேர்க்கிறவங்க அதுக்குக் கூட ரெண்டு மடங்கு தருவாங்கன்னு சொல்லிட்டேன். "பத்துக்கு எடுத்துக்கிட்டாப் போதும், கடைக்காரன் அஞ்சுக்குக் கேட்டான்"னார்.

யாழ்ப்பாணம், வடமராட்சி:

எங்கட வளவுக் கிணற்றைத் துப்பரவாக்கேக்கை சேத்துக்குள்ள இருந்து செப்புக்காசு ரெண்டு வந்தது. ஒண்டு ராசராசன் காசு மாதிரி: ஒரு பக்கம் நிக்கிற ஆள், மற்றப் பக்கம் குந்தியிருக்கிற ஆள், பக்கத்தில நாகரி எழுத்து. இந்த அச்சை இஞ்சத்தை அரசரும் கன காலம் பின்பற்றி அடிச்சிருக்கினம், அதால எழுத்தை வடிவா வாசிக்காமல் ஆரின்ர காசெண்டு சொல்லேலாது. மற்றது சேதுக் காசு. படுத்திருக்கிற நந்தி, கீழ தமிழில "சேது". யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின்ர காசு.

அப்பு கேட்டது உங்கட கேள்வி இல்லை. "உதுல சேது எண்டு எழுதிக் கிடக்கோ? திருப்பி வாசி" எண்டார். மூண்டு தரம் வாசிப்பிச்சுப்போட்டு, எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார்.

புதுக்கோட்டை, பள்ளி ஆசிரியை:

திருக்கோகர்ணம் கோயிலுக்குப் பக்கத்தில் சுருக்குப்பையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டி ஒருவர். வெற்றிலைக்குச் சில்லறை எடுத்தபோது பைக்குள் அம்மன் காசுகள் கிடந்ததைப் பார்த்துவிட்டேன். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: தொண்டைமான் சமஸ்தானம் அடித்துப் புழங்கிய சின்னஞ்சிறு செப்புக்காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்றிருக்கும். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து ஏழைகளுக்குத் தானமாகக் கொடுப்பது அப்போது இங்கே வழக்கமாக இருந்தது. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. பழைய பரண்களில் இந்தக் காசு இன்னும் அகப்படுகிறது, அரிதென்று சொல்ல முடியாது.

விலை கேட்டேன். இந்த முறை கேட்டது நான்! பாட்டி சிரித்தார். "எங்கம்மா ராஜா கையால வாங்குனதுடி. எம் பேத்தி பிரசவத்துக்குப் போறப்ப இடுப்புல முடிஞ்சு விடணும். அப்புறம் வேணா வந்து கேளு." பேத்திக்குக் குழந்தை பிறந்தது. போய்க் கேட்டேன். பேத்திக்குத் தங்கை இருக்கிறாளாம்.

இதே மாவட்டத்தில் கறுக்காக்குறிச்சியில்தான் 1898-ல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமேல் உளியால் வெட்டியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி, "எங்க கொல்லையிலும் இருக்குமா டீச்சர்" என்று தோண்டக் கிளம்பும் மாணவர்களின் அப்பாக்களையும் சந்திக்கிறேன். 1878 புதையல் சட்டத்தைச் சொல்லி நிறுத்துகிறேன். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் வரம்பைக் கேட்டதும் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது, மண்வெட்டி கீழே இறங்கிவிடுகிறது.

திருச்சி, ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்:

டீச்சர், இரண்டாவது பேத்தியின் கல்யாணத்துக்கு மறக்காமல் மொய் வையுங்கள்.

லேத் பட்டறைக்காரர் உலோகம் பற்றிச் சொன்னதால் ஒரு சமாசாரம். 1968 முதல் சில வருடங்கள் வந்த தாமரைப்பூ இருபது பைசாவில் தங்கம் இருக்கிறது என்று இப்போதும் கொண்டுவருகிறார்கள். அந்த மஞ்சள் நிறம் செம்புக் கலவையால் வந்தது, தங்கம் துளியும் இல்லை. இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று. வீட்டில் இருந்த விக்டோரியா வெள்ளி ரூபாய்களை, "சாருக்குக் காட்டணுமே" என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து ஒரு அம்மா எடுத்து வந்தார். 11.66 கிராம், ஒரு தோலா, சுண்டினால் கணீரென்று ஓசை, எல்லாம் சரி. நூற்றைம்பது வருடத்துக் கருமையும் ராணி கிரீடத்தின் நுணுக்கமும் சாக்கடையில் போய்விட்டன. இனி வெள்ளி விலைக்குத்தான் போகும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "நல்லா பளிச்சுனு இருக்கும்மா, விக்காம வீட்டிலேயே வெச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டேன். கொண்டுவருகிறவர்களுக்கு இப்போது போனிலேயே சொல்கிறேன்: கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், விளிம்பைப் பிடித்து எடுங்கள், பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீர்கள், பச்சையாகப் பிசுபிசுத்துப் போகும்.

சேலம், பேருந்து நடத்துனர்:

எங்க டிப்போவுல இதைப் படிச்சுக் காட்டினேன். ஆளாளுக்குப் பையைக் கொட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

அப்படியே ஒரு கோரிக்கை. 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த வள்ளுவர் காசுல ரெண்டு ரூபாயும் அஞ்சு ரூபாயும் இருக்கு, ஒரு ரூபாய் மட்டும் கிடைக்கல. யார்கிட்டயாவது கூடுதலா இருந்தா சொல்லுங்க. அண்ணா நூற்றாண்டு அஞ்சு ரூபாய் ரெண்டு தரேன், தமிழ்க் கையெழுத்து நல்லா தெரியும். விலை பேச வேணாம், மாத்திக்கலாம்.

கோவை, லேத் பட்டறை:

என்கிட்ட ரெண்டு வள்ளுவர் இருக்காருங்க. அண்ணா வேண்டாம், அந்த மாஸ்கோ அஞ்சு ரூபாய் இன்னொண்ணு ஏறுச்சுன்னா எனக்கு எடுத்து வைங்க.