தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப்: சிஓடி, பிஓடி தொடங்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

மூன்றாமாண்டு_சிவில்:
வணக்கம். மே மாதம் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகம் ஒன்றில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரில்தான் வேலை. உள்ளே வரும் நீரில் சிஓடி (மாசை வேதிப்பொருளால் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன்) 4,000, குளோரைடு 6,000 மி.கி./லி. வாக்கில் இருக்குமாம். சுத்திகரித்து வெளியேறும் நீரில் சிஓடி 250-க்குக் கீழும் பிஓடி (கிருமிகள் மாசைத் தின்னும்போது செலவாகும் ஆக்சிஜன்) 30-க்குக் கீழும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரியில் வீட்டுச் சாக்கடை நீரில் மட்டும்தான் செய்திருக்கிறோம். சிஓடிக்கு 2.5 மி.லி. மாதிரி எடுத்து மூடிய குழாயில் சூடாக்கும் மூடிய ரிஃப்ளக்ஸ் முறை இதற்குப் போதுமா? பிஓடி பாட்டிலில் எத்தனை மி.லி. ஊற்றுவது? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

டைகுரோமேட்_தாசன்:
முறை போதும். உள்ளே வரும் நீர் சுலபம். படுத்தப்போவது வெளியேறும் நீர்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

2.5 மி.லி. மாதிரிக்கு 1.5 மி.லி. டைகுரோமேட் கரைசல், 3.5 மி.லி. சில்வர் சல்பேட் கலந்த கந்தக அமிலம், 150 டிகிரியில் 2 மணி நேரம். டைகுரோமேட் கரைசல் ஒரு லிட்டரில் உலர்த்திய பொட்டாசியம் டைகுரோமேட் 4.913 கிராம், அடர் கந்தக அமிலம் 167 மி.லி., மெர்க்குரிக் சல்பேட் 33.3 கிராம். அப்படியானால் குழாய்க்குள் போகும் மெர்க்குரிக் சல்பேட் 50 மி.கி. குளோரைடைக் கட்டிப்போட அதன் எடையைப் போல் பத்து மடங்கு வேண்டும். ஆக 5 மி.கி. குளோரைடு வரைதான் தாங்கும். 2.5 மி.லி.-யில் 5 மி.கி. என்றால் லிட்டருக்கு 2,000. அதற்கு மேல் மிஞ்சும் ஒவ்வொரு மி.கி. குளோரைடும் 0.226 மி.கி. சிஓடி போல வேடம் போடும். அமிலம் விட்டதும் குழாய்க்குள் வெள்ளையாகக் கலங்கினால் அது சில்வர் குளோரைடு. அந்தக் குழாயை ஒதுக்கிவிட்டு, இன்னும் நீர்த்து மறுபடி செய்யுங்கள்.

உள்ளே வரும் நீரை 20 மடங்கு நீர்த்தால் சிஓடி 200, குளோரைடு 300. கவலையே இல்லை. வெளியேறும் நீரில் சிஓடி 250 ஆனாலும் குளோரைடு அதே 6,000 இருக்கும். உயிரியல் சுத்திகரிப்பில் உப்பு போகாது. குறைந்தது 4 மடங்கு நீர்க்க வேண்டும். இப்போது பியூரெட்டைப் பாருங்கள்: ஒரு சொட்டு 0.05 மி.லி. 0.1 மோலார் எஃப்ஏஎஸ்-இல் (மிஞ்சிய டைகுரோமேட்டை அளக்க விடும் ஃபெரஸ் அமோனியம் சல்பேட்) அந்த ஒரு சொட்டு 16 மி.கி./லி. சிஓடி. 4 மடங்கு நீர்த்ததால் 64. ஒரு சொட்டு கூடக்குறைய விட்டால் 250 என்பது 314 ஆகும், 186-உம் ஆகும். வரம்பைத் தாண்டியதா இல்லையா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது.

அதனால் வெளியேறும் நீருக்கு 25 × 150 மி.மீ. குழாய் எடுங்கள்: மாதிரி 10, டைகுரோமேட் 6, அமிலம் 14 மி.லி. ஒரு சொட்டின் மதிப்பு 4 ஆக இறங்கும், நீர்த்தலோடு 16. பிளாங்க் (மாதிரிக்குப் பதில் வடிநீர் வைத்த குழாய்) சின்னக் குழாயில் சுமார் 1.5 மி.லி., பெரிய குழாயில் சுமார் 6 மி.லி. எஃப்ஏஎஸ் வாங்க வேண்டும். அதைவிட நன்றாகக் குறைந்தால் வடிநீரிலோ குழாயிலோ அழுக்கு இருக்கிறது.

மாதிரிகளோடு இரண்டு குழாய் கூடுதலாக வையுங்கள். ஒன்றில் லிட்டருக்கு 2.47 கிராம் சோடியம் குளோரைடு கரைத்த வெறும் உப்புநீர் (குளோரைடு 1,500). விடை பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். இன்னொன்றில் அதே உப்புநீரில் லிட்டருக்கு 170 மி.கி. கேஎச்பி (பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட், சிஓடி தெரிந்த தரப்பொருள்), சிஓடி 200 வர வேண்டும். பலர் பழக்கத்தில் சிஓடி 500 தரும் கேஎச்பி வைப்பார்கள். இந்த டைகுரோமேட் கரைசலின் உச்சமே 480, ஆகவே குழாய் பச்சையாகி நின்றுவிடும். மாதிரிக் குழாய் பச்சையானாலும் அதே பொருள்தான்: டைகுரோமேட் தீர்ந்துவிட்டது, டைட்ரேட் செய்யாதீர்கள்.

அமிலம் கனமானது, அடியில் போய்த் தங்கும். மூடியை இறுக்கி, பல முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கிய பிறகே சூடேற்றும் பிளாக்கில் வையுங்கள். கலக்காமல் வைத்தால் அடியில் மட்டும் கொதித்துக் குழாய் வெடிக்கும். கலக்கும்போதே கை சுடும். கையுறையும் முகக் கவசமும் கட்டாயம்.

சேற்றுத்தொட்டி:
மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கும் முன்னால் உயிருக்கே ஆபத்தான ஒரு விஷயம் இருக்கிறது. பாடப்புத்தகம் சிஓடி மாதிரியை அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவந்து பாதுகாக்கச் சொல்லும். தோல் பதனிடுவதில் மயிர் நீக்கச் சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தச் சுண்ணாம்புத் தொட்டி நீர் கலந்த மாதிரியில் அமிலம் விட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் சட்டென்று மறைந்தால் வாயு போய்விட்டது என்று எண்ணாதீர்கள், மூக்கு மரத்திருக்கும். புகைக்கூண்டுக்கு (வாயுவை இழுத்து வெளியேற்றும் ஆய்வக அடைப்பு) வெளியே அமிலம் வேண்டாம். பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி, 4 டிகிரியில் வைத்து, அன்றே சோதித்துவிடுங்கள். வாயு போனால் எண்ணும் குறையும்: 1 மி.கி. சல்பைடு 2 மி.கி. சிஓடி.

பிஓடி: நம் நாட்டில் தர வரம்பு 27 டிகிரி, 3 நாள் கணக்கில். புத்தகத்தில் இருக்கும் 20 டிகிரி, 5 நாளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சோதனை சரியா என்று பார்க்கும் குளுக்கோஸ்-குளுட்டமிக் அமிலத் தரக் கரைசலுக்கு 198 வர வேண்டும் என்பதும் 5 நாள் கணக்குத்தான்.

300 மி.லி. பாட்டிலில் ஆக்சிஜன் குறைந்தது 2 மி.கி./லி. இறங்க வேண்டும், கடைசியில் குறைந்தது 1 மிஞ்ச வேண்டும். 27 டிகிரியில் நீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜனின் நிறைநிலையே 8-ஐ ஒட்டித்தான். உள்ளே வரும் நீரின் பிஓடி 1,500 என்று வைத்துக்கொண்டால் முதலில் 10 மடங்கு நீர்த்து, அதிலிருந்து 5, 8, 12 மி.லி. மூன்று பாட்டிலில். இறக்கம் 2.5, 4, 6 என்று வரும். வெளியேறும் நீருக்கு நேரடியாக 30, 50 மி.லி. கிருமிகளைச் சேர்க்க விதைநீர் ஊற்றினால் அதன் பங்கைத் தனியாக அளந்து கழியுங்கள். மூன்று பாட்டிலின் விடையும் ஒத்துப்போக வேண்டும். நீர்க்க நீர்க்க விடை கூடிக்கொண்டே போனால் குரோமியம் போல ஏதோ ஒன்று கிருமிகளை அமுக்குகிறது. வீட்டுச் சாக்கடை விதைநீரை விட்டுவிட்டு, அதே நிலையத்தின் காற்றூட்டத் தொட்டியிலிருந்து எடுங்கள். உப்புக்குப் பழகிய கிருமி அதுதான்.

வியாழக்கிழமை பாட்டில் வைக்காதீர்கள். படிக்கும் நாள் ஞாயிறு.

மூன்றாமாண்டு_சிவில்:
இருவருக்கும் நன்றி. கேட்டுப் பார்த்தேன், அங்கே பெரிய குழாய்க்கான பிளாக் இல்லையாம். சின்னக் குழாய் மட்டும்தான். என்ன செய்வது?

டைகுரோமேட்_தாசன்:
எஃப்ஏஎஸ்-ஐ 0.025 மோலாராக நீர்த்துவிடுங்கள். சின்னக் குழாயிலேயே பிளாங்க் 6 மி.லி. வாங்கும், ஒரு சொட்டு 4 மி.கி./லி. ஆகும். பெரிய குழாயில் கிடைக்கும் அதே துல்லியம். நீர்த்த எஃப்ஏஎஸ் காற்றுப் பட்டுச் சீக்கிரம் வலுவிழக்கும். தினமும், டைட்ரேஷனுக்குச் சற்று முன்பு, டைகுரோமேட்டுக்கு எதிராகத் தரப்படுத்துங்கள். நிறங்காட்டியான ஃபெரோயின் ஒரே சொட்டு, எல்லாக் குழாய்க்கும் அதே அளவு. நீலப்பச்சை செம்பழுப்பாக மாறும் முதல் கணத்தில் நிறுத்துங்கள். சில நிமிடம் கழித்து நீலம் திரும்பி வந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

முடிந்த கரைசலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பாதரசம், வெள்ளி, குரோமியம் மூன்றும் அதில் இருக்கிறது. பெயரொட்டிய தனிக் கேன் எங்கே என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் ஒன்று வைக்கச் சொல்லிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.