சூடானதும் சார்ஜிங் விழுகிறது: ஸ்டேட்டரா, கப்ளரா?

350 சிசி ஒற்றை சிலிண்டர் பைக், 2012 மாடல். மூன்று ஃபேஸ் ஸ்டேட்டர் (எஞ்சினுக்குள் ஏசி மின்சாரம் தரும் சுருள்கள்), ஷன்ட் வகை ரெகுலேட்டர் (ஏசியை டிசியாக்கி, உபரி மின்சாரத்தை ஷார்ட் செய்து வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது). இரண்டு மாதமாகத் தொல்லை. குளிர்ந்த எஞ்சினில் 4,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் 14.2 வோல்ட் வருகிறது. அரை மணி நேரம் ஓடிச் சூடேறினால் அதே ஆர்பிஎம்மில் 12.7, ஹெட்லைட் போட்டால் இன்னும் இறங்குகிறது.

பேட்டரி புதுசு. ரெகுலேட்டரையும் மாற்றியாச்சு, பலனில்லை. எர்த் முனைகளைச் சுரண்டி இறுக்கியாச்சு. சூட்டிலும் ரெகுலேட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே, பாசிட்டிவ், நெகட்டிவ் இரு பக்கமும் 0.1 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இல்லை. அதனால் அந்தப் பக்க வயரிங்கை விட்டுவிட்டேன்.

ஸ்டேட்டர்தான் குழப்புகிறது. ஸ்டேட்டர் வயர்களை ரெகுலேட்டரோடு இணைக்கும் கப்ளரைக் கழற்றி அளந்தால் மூன்று மஞ்சள் வயர்களுக்கும் இடையே 0.4 ஓம், பாடியோடு எங்கும் ஷார்ட் இல்லை, 5,000 ஆர்பிஎம்மில் மூன்றிலும் சுமார் 60 வோல்ட் ஏசி. சூட்டிலும் இதே அளவுதான். ஆனால் கப்ளரை மாட்டி கிளாம்ப் மீட்டர் வைத்தால், சூட்டில் ஒரு வயரில் மட்டும் கரன்ட் மற்றவற்றில் பாதி. அந்த வயரின் பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்தும் அப்படியேதான்.

லோடு இல்லாமல் சரியாகக் காட்டும் ஸ்டேட்டர், லோடில் சூடானதும் ஒரு ஃபேஸில் மட்டும் இப்படி விழுமா, இல்லை எஞ்சின் கேஸைத் திறக்கும் முன் கப்ளரை வெட்டி நேரடியாகச் சால்டர் வைத்துப் பார்ப்பதுதான் சரியா?