மர்ஃபி ரேடியோ: புதுப்பிப்பு

சேலம் செவ்வாய்ப்பேட்டை மாமா வீட்டுப் பரணில் கிடந்த மர்ஃபி வால்வு ரேடியோவைப் பற்றியும், எழுபதுகளில் அதில் கேட்ட பாட்டுகளைப் பற்றியும் முன்பு எழுதியிருந்தேன். பழுது பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். முடிந்தது!

வால்வுகள் (உள்ளே சூடாகி எரியும் கண்ணாடிக் குழாய்கள்) பழுதாகவில்லை. மின்சாரத்தைத் தேக்கும் கண்டன்சர்கள்தான் உப்பிப் போயிருந்தன. நிலையம் காட்டும் முள்ளை இழுக்கும் நூலும் இற்றுப்போயிருந்தது. இப்போது சுவிட்சைத் திருப்பினால் விளக்கு உடனே எரிகிறது, குரல் மட்டும் சாவகாசமாக வருகிறது. மாமாவுக்கு அந்தத் தாமதம்தான் பிடித்திருக்கிறது.

“சென்னைத் தொலைக்காட்சியை விட்டுவிட்டீர்களே” என்று அந்தப் பதிவைப் படித்த ஒருவர் கேட்டிருந்தார். அது 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த எங்களுக்கு அது செய்தித்தாளில் படிக்கிற சங்கதி, அவ்வளவுதான். எங்கள் உலகம் இலங்கை வானொலி. கே. எஸ். ராஜாவின் மூச்சுவிடாத அறிவிப்பு, கோபால் பல்பொடி விளம்பரம், நடுவில் ஏ. இ. மனோகரனின் ‘சுராங்கனி’. கிதாரும், பைலா என்கிற இலங்கை ஆட்டப்பாட்டின் தாளமுமாக வந்த அந்தப் பொப் (பாப்) இசையை எங்கள் தெருப் பெரியவர்கள் ‘கூத்து’ என்றார்கள். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் போட்டால் தாளம் போட்டதும் அவர்களேதான்.

பரணில் இன்னொன்றும் கிடைத்தது: உதட்டில் விரல் வைத்த மர்ஃபி விளம்பரக் குழந்தையின் காலண்டர் படம். தேதித்தாள்களைக் கிழித்துவிட்டு, அத்தை படத்துக்கு மட்டும் சட்டம் போட்டிருக்கிறார். ஓரத்தில் கரையான் அரித்திருக்கிறது, முகம் தப்பித்தது.

ரேடியோ வைத்திருக்க அந்தக் காலத்தில் வாங்கவேண்டியிருந்த, தபால் நிலையத்தில் முத்திரை ஒட்டிய பழைய வானொலி உரிமப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். மாமா பார்க்க ஆசைப்படுகிறார்.