நாலு மாச பாப்பாவுக்கு கண் பிரஷர், ஆபரேஷன்னு சொல்றாங்க, பண்ணவங்க யாராவது இருக்கீங்களா?

குடியாத்தம் அப்பா:
பொறந்ததுல இருந்தே பாப்பா கண்ணுல தண்ணி வந்துட்டே இருக்கும், வெயில்ல தூக்கினா மூஞ்ச தோள்ல புதைச்சுக்கும், கருவிழி பெருசா இருக்குன்னு சொந்தக்காரங்க எல்லாம் கொஞ்சிட்டு இருந்தாங்க, இப்போ அது மேல வெள்ளையா மங்கல் கட்டிடுச்சு. வேலூர்ல காட்டினோம், பிறவி கிளாக்கோமா, அதான் பொறப்புலயே வர்ற கண் பிரஷர் நோய், சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும்னுட்டாங்க. இந்த வயசுல மயக்க மருந்தான்னு வீட்ல ஒரே அழுகை. ஒரு வயசு வரைக்கும் சொட்டு மருந்துல ஓட்டலாமா?

ஆப்டோமெட்ரிஸ்ட், காட்பாடி:
சார் தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க. பெரியவங்களுக்கு சொட்டு மருந்துல வருஷக்கணக்கா ஓடும், குழந்தைக்கு அப்படி இல்ல, கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வெளிய போற வடிகாலே சரியா உருவாகல, அதை திறந்து விட்டாதான் வழி. பச்சக்குழந்தை கண்ணு இளசு, பிரஷர் ஏறினா விரிஞ்சுக்கும், கருவிழி பெருசாகறது அதனாலதான். பொறந்தப்போ சுமாரா 10 மி.மீ. இருக்கும், ஒரு வயசுக்குள்ள 12 தாண்டினாலே சந்தேகப்படணும். ஆபரேஷன் வரைக்கும் சொட்டு மருந்து குடுப்பாங்க, ஆனா பெரியவங்களுக்கு வாங்கின பாட்டில எடுத்து ஊத்திடாதீங்க, அதுல சிலதுல இருக்கற பிரிமோனிடின்ங்கற மருந்து கைக்குழந்தைக்கு மூச்சையே அடக்கிடும்.

குடியாத்தம் அப்பா:
டிராபெக்குலாட்டமின்னு எழுதியிருக்காங்க மேடம், கோனியாட்டமின்னும் ஒண்ணு இருக்காமே?

ஆப்டோமெட்ரிஸ்ட், காட்பாடி:
கோனியாட்டமில லென்ஸ் வெச்சு கருவிழி வழியா உள்ள பாத்துட்டே வடிகால மூடியிருக்கற திசுவ கீறி விடுவாங்க, அதுக்கு கருவிழி தெளிவா இருக்கணும். உங்க பாப்பாவுக்கு மங்கிடுச்சு இல்ல, அதான் டிராபெக்குலாட்டமி, வெளிப்பக்கமா வெள்ளவிழியில சின்னதா திறந்து, ஷ்லெம் கால்வாய்ங்கற அந்த வடிகால் குழாய்க்குள்ள மெல்லிசு கம்பி விட்டு உள்பக்கமா திருப்புவாங்க, தடுப்பு கிழிஞ்சு வழி விடும். நம்ம ஊர்ல குழந்தைங்க மங்கலோடதான் நிறைய வராங்க, அதனால டிராபெக்குலெக்டமியும், அதான் தண்ணி வெளிய போக புதுசா ஒரு வழி போடறதையும், சேத்தே பண்றது உண்டு. அதுலயும் அடங்கலன்னா கண்ணுக்குள்ள இருந்து தண்ணிய வெளிய விடற டியூப் வெப்பாங்க, மதுரையில கண் சிகிச்சை பொருள் தயாரிக்கற அரோலேப் கம்பெனியிலயே ஒரு டியூப் செய்யறாங்க, வெளிநாட்டு வால்வ விட விலை ரொம்ப கம்மி.

ஆரணி அக்கா:
தம்பி, என் பையனுக்கு ரெண்டு கண்ணும் பண்ணிச்சு, இப்போ ஸ்கூல் போறான், கண்ணாடி போட்டுனு முன் பெஞ்சுல உக்காருவான். பால் எத்தனை மணிக்கு நிறுத்தணும்னு மயக்க டாக்டர் சொல்லுவாரு, குழந்தை எவ்ளோ அழுதாலும் அதுக்கப்புறம் ஒரு வாய் கூட குடுக்காதீங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் கண் மேல ஷீல்டு போடுவாங்க, கை தூக்கி பிச்சுடும், ராத்திரி யாராவது முழிச்சுனே இருக்கணும். அப்புறம் செக்கப்புக்கு இட்டுனு போறத விட்டுடாதீங்க, பிரஷர் எப்ப வேணா திரும்ப ஏறும். சொந்தத்துல கட்டினீங்களா?

குடியாத்தம் அப்பா:
ஆமாக்கா, அக்கா பொண்ணு.

ஆப்டோமெட்ரிஸ்ட், காட்பாடி:
யார் மேலயும் தப்பு இல்ல சார், ஆனா சொந்தத்துல கட்டினா இது வர வாய்ப்பு கூடும், அடுத்த குழந்தைக்கும் நாலுல ஒண்ணு வாய்ப்பு இருக்கலாம், பொறந்த உடனே கண்ண காட்டிடுங்க. இப்போ தேதி வாங்கிட்டீங்களா?

குடியாத்தம் அப்பா:
திங்கக்கிழமை அட்மிஷன் போட சொல்லிட்டேன் மேடம்.