போன் நல்லாதான் இருக்கு, ஆனா அடுத்த மாடல்ல இத மட்டும் மாத்துங்கப்பா

மாவுக்கடைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். புது போன் வாங்கி நாலு மாசம் ஆகுது, பதினெட்டாயிரம் ரூபா, எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன், சொன்னா ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டைய ஆரம்பிச்சிடுவீங்க. எனக்கு போன் ரொம்ப புடிச்சிருக்கு, காலைல அஞ்சு மணிக்கு எடுத்தா ராத்திரி கடை சாத்துற வரைக்கும் சார்ஜ் நிக்குது, வெயில்லயும் ஸ்கிரீன் பளிச்னு தெரியுது. ஆனா இத டிசைன் பண்ணவங்க யாரும் ஈரக்கையோட வேலை பாத்ததில்ல போல. ஒரு நாளைக்கு எத்தன தடவ கை கழுவுறேன்னு கணக்கே இல்ல, ஸ்கிரீனுக்கு அடியில இருக்குற கைரேகை சென்சார்ல விரல வச்சா எடுக்காது, முந்தானைல துடைச்சிட்டு வச்சாலும் எடுக்காது, கடைசில பின் நம்பர் கேக்குது, அதுக்குள்ள எதுத்தாப்ல நிக்கிறவர் "அக்கா பணம் வந்துச்சா பாருங்க"ன்னு அவசரப்படுத்துறார்.

இன்னொன்னு, கால் வந்தா பேரு முழுசா காட்டாது. "மாரியம்மன் கோயில் தெரு மெஸ்", "மாரியம்மன் கோயில் தெரு டீச்சர்" ரெண்டும் எனக்கு "மாரியம்மன் கோயி..." தான். மெஸ்காரர்தான் பத்து கிலோ சொல்லப்போறார்னு ஓடி வந்து எடுத்தா டீச்சர் அரை கிலோ எடுத்து வைங்கன்றாங்க. அவ்ளோ பெரிய ஸ்கிரீன் சும்மாதான கிடக்கு, ரெண்டு வரில காட்டுனா என்னவாம்? உங்களுக்கெல்லாம் என்ன வேணும்னு தோணுது?

சர்வீஸ்கடை தம்பி:
அக்கா உங்க போன்ல இருக்குறது ஆப்டிகல் சென்சாரா இருக்கும், விரல் வச்சதும் அந்த இடம் மட்டும் பளீர்னு எரியுதா? அந்த வெளிச்சத்துல ரேகைய போட்டோ புடிக்குது, அவ்ளோதான். தண்ணி இருந்தா வெளிச்சம் சிதறிடும், ஊறிப்போன விரல் சுருங்கி ரேகையே வேற மாதிரி தெரியும். அல்ட்ராசோனிக்னு ஒண்ணு இருக்கு, ஒலி அலைய வச்சு பாக்குறது, லேசான ஈரத்தயும் சமாளிக்கும், ஆனா பெரும்பாலும் விலை கூடுன போன்லதான் வருது. இப்போதைக்கு ஒரே கட்டை விரல ரெண்டு தடவ பதிங்க, காஞ்சிருக்கும்போது ஒண்ணு, கை கழுவி துடைச்ச கையோட ஒண்ணு. சில போன் ஏத்துக்காது, முயற்சி பண்ணி பாருங்க. டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுனதுக்கு அப்புறம் திரும்ப பதிஞ்சீங்களா?

பஸ்ஸ்டாண்டு ரேடியோ:
சைடு பட்டன்ல சென்சார் இருக்குற போனா வாங்கிருக்கலாமே. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பழைய ஹெட்போன் ஓட்டை. எஃப்எம் கேக்க அந்த ஒயர்தான் ஆன்டெனா, ஓட்டைய தூக்குனதோட ரேடியோவும் போச்சு.

சர்வீஸ்கடை தம்பி:
அண்ணே சைடு சென்சாரும் ஈரக்கைக்கு மக்கர் பண்ணும், எங்க கடைக்கு வர்ற மீன் மார்க்கெட் ஆளுங்கள கேட்டு பாருங்க.

கல்லாப்பெட்டி:
எனக்கு சார்ஜ் 80 சதவீதத்துல தானா நிக்கணும். போன் நாள் பூரா கல்லா மேல சார்ஜர்லயே கிடக்கு, ஃபுல்லாவும் சூடாவும் இருந்தா லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும். 2023ல வந்த ஐபோன் 15லயே இந்த வசதி இருக்கு, நம்ம பட்ஜெட் போன் எல்லாத்துலயும் குடுத்தா என்ன, வெறும் சாஃப்ட்வேர்தான? அக்கா, பணம் வந்தா சத்தமா சொல்ற ஸ்பீக்கர் வாங்கி வைங்க, போனையே தொட வேண்டாம்.

மாவுக்கடைக்காரி:
ஸ்பீக்கர் இருக்குப்பா, கிரைண்டர் ஓடுறப்போ அது கத்துறது யாருக்கு கேக்குது? தம்பி, கிளாஸ் ஒட்டி மூணு மாசம் ஆச்சு, திரும்ப பதியவே இல்ல. இப்போ பழசெல்லாம் அழிச்சிட்டு நீங்க சொன்ன மாதிரி ரெண்டு தடவ பதிஞ்சேன், பத்துக்கு ஏழு தடவ தொறக்குது. மெஸ்காரர் பேர "மெஸ் மாரியம்மன்"னு மாத்திட்டேன், டீச்சர் அப்படியே இருக்கட்டும்.