புதுப்பிப்பு: அந்தப் பழைய தாய்லாந்து உணவகத்துக்கு மறுபடி போனேன்

பல வருடமாகப் போய்க்கொண்டிருந்த தாய்லாந்து உணவகத்தில் சமையல்காரர் மாறிவிட்டாராம், இனியும் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? போய்வந்தாயிற்று.

பச்சைக் கறி அப்படியே இருக்கிறது. கெட்டித் தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி அதில்தான் விழுதை வதக்குகிறார்கள் போல. மேலே பச்சை எண்ணெய்த் துளிகள் மிதப்பதைப் பார்த்ததுமே நிம்மதி. கத்தரிப்பிஞ்சு குழையாமல் கடிபட்டது. கடைசியில் போட்ட தாய்லாந்துத் துளசியில் அந்த லேசான சோம்பு வாசனையும் இருந்தது. டாம் யம் சூப்பும் நன்றாகவே இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால்தான் அந்தச் சுள்ளென்ற புளிப்பு வரும்.

பாட் தாய் (வதக்கிய அரிசி நூடுல்ஸ்) மட்டும் சறுக்கல். புளியைக் குறைத்து இனிப்பைக் கூட்டிவிட்டார்கள். கேட்டால், இப்போது வருகிறவர்களுக்கு இப்படித்தான் பிடிக்கிறதாம்! (யார் அந்தப் புண்ணியவான்களோ.) நல்லவேளை, மீன் சாறு, வினிகரில் ஊறிய மிளகாய், மிளகாய்த்தூள், சர்க்கரை நான்கும் இன்னும் மேசையிலேயே இருக்கின்றன. சர்க்கரையைத் தொடாமல் மற்றதைக் கொண்டு ஒருவழியாகச் சரிசெய்துகொண்டேன்.

அப்புறம், காரம் எப்படி என்று கேட்டவருக்கு: முதல் தடவை 'நடுத்தரம்' போதும். அதுவே மூக்கில் நீர் வரவைத்துவிடும்.